அவள் கேட்ட அவை

டால்டியு காடு வெட்டிச் செத்தவள். ஸ்பெயின் அரசன் மகளாகப் பிறந்து, அயர்லாந்தை ஆண்ட பிர் போல்க் இனத்தின் கடைசி மன்னனுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று பழங்கதை சொல்கிறது. கணவன் போரில் விழுந்தான். வென்ற குலத்தில் ஒருவனை அவள் மறுமணம் செய்துகொண்டாள். அந்தக் குலத்துப் பிள்ளையான லூக்கை எடுத்து வளர்த்தாள். பிறகு கோடரியைக் கையில் எடுத்தாள். மரமும் வேரும் மண்டிக் கிடந்த கூவான் காட்டை ஓராண்டு முடிவதற்குள் அழித்து, பசும்புல் பூக்கும் சமவெளியாக்கினாள். அந்த உழைப்பில் அவளுடைய நெஞ்சு வெடித்தது. ஆகஸ்டு முதல் நாள், திங்கட்கிழமை இறந்தாள் என்று கிழமையைக்கூடக் கவிஞன் குறித்து வைத்திருக்கிறான். உயிர் பிரியும் முன், சூழ்ந்து நின்ற ஆண்களிடம் அவள் ஒன்று கேட்டாள்: என்னை இங்கேயே புதையுங்கள், ஆண்டுதோறும் இங்கே கூடி எனக்காக அழுங்கள், விளையாடுங்கள்.

வளர்ப்பு மகன் லூக் அந்தச் சொல்லைக் காப்பாற்றினான். அறுவடைக் காலத்தின் தொடக்கமான அந்த நாள் அவன் பெயராலேயே லூனசா என்று வழங்குகிறது. அவன் கூட்டிய கூட்டத்தை ஓய்னக் என்றார்கள். அயர்லாந்தின் கிழக்கில், மீத் மாவட்டத்தில், கெல்ஸுக்கும் நாவனுக்கும் நடுவே பிளாக்வாட்டர் ஆற்றின் கரையில் அந்த இடம் இன்றும் டெல்டவுன் என்ற பெயரோடு இருக்கிறது. மாடு மேயும் புல்வெளி. ராத் தூ என்ற வட்டமான மண்மேடு. அரண்மனையின் அடித்தளமோ தூண் வரிசையோ எதுவும் கண்ணுக்குப் படாது. குதிரைகளும் கூடாரங்களும் மனிதர்களும் சேர்ந்தால் அவை. அவர்கள் கலைந்துவிட்டால் வெறும் புல்.

வைக்கிங்குகள் வந்து துறைமுகங்கள் அமைக்கும்வரை அயர்லாந்தில் நகரம் என்று ஒன்று கிடையாது. ஏறத்தாழ 150 சிற்றரசர்கள் ஒரே காலத்தில் ஆண்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொருவனுக்கும் சில ஆயிரம் குடிகள். காவலர் படை இல்லை, சிறைச்சாலை இல்லை. ஒருவன் கடனைத் திருப்பித் தரவில்லை என்றால் அவனுக்காகப் பிணை நின்றவன் பதில் சொல்ல வேண்டும். பிணை நின்றவனும் கைவிட்டால் ஊரார் முன்னால் அவன் மானம் போகும். ஊரார் முன்னால் என்றால் எங்கே? தனித்தனி வட்டக் கோட்டைகளில் சிதறி வாழ்ந்த மக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள ஒரே இடம் ஓய்னக்தான். பெண் பார்ப்பதும், மாடு விற்பதும், வழக்குத் தீர்ப்பதும், அரசன் தன் உடன்படிக்கைகளை மக்களுக்கு அறிவிப்பதும் அங்கேதான். 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சட்ட நூல் அரசனின் வாரத்தைக் கிழமை கிழமையாகப் பிரித்து, ஞாயிறு மது அருந்த, திங்கள் நியாயம் தீர்க்க, வெள்ளி குதிரைப் பந்தயத்துக்கு என்று விதிக்கிறது. பந்தயம் அங்கே பொழுதுபோக்காகச் சேர்ந்ததன்று. நீதியைப் போலவே அரசனின் வேலை.

கூட்டம் நடக்கும் நாள்களில் அமைதி கட்டாயம். பழைய பகையை எடுக்கக் கூடாது, கடனுக்காக ஒருவனை மடக்கக் கூடாது, அடைக்கலம் புகுந்தவனைத் தொடக் கூடாது. ஆண்டு முழுவதும் ஒருவர் மாட்டை ஒருவர் கவர்ந்துகொண்டு திரிந்த மனிதர்கள் அந்தச் சில நாள்களில் ஒரே வயலில் தோளோடு தோள் நின்று குதிரை ஓட்டினார்கள். அதை ஒரு பெண்ணின் புதைமேட்டின் மேல் நின்று செய்தார்கள் என்பது என்னை வெகுநாளாகத் தொந்தரவு செய்துவருகிறது.

டால்டியு தனி ஆள் அல்லள். லென்ஸ்டர் நாட்டின் பெரிய ஓய்னக் கார்மனில் கூடியது. 12ஆம் நூற்றாண்டுப் பெருஞ்சுவடியான லென்ஸ்டர் நூலில் இருக்கும் நீண்ட பாட்டு அதை வர்ணிப்பதுபோல வேறு எந்தக் கூட்டத்தையும் யாரும் வர்ணித்ததில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி ஆறாம் நாள் முடியும். மூன்று சந்தைகள்: ஒன்று உணவுக்கு, ஒன்று உயிருள்ள கால்நடைக்கு, மூன்றாவது கடல் கடந்து வந்த கிரேக்க வணிகர்கள் பொன்னும் துணியும் விற்பது. கொம்பும் யாழும் குழலும் ஒலிக்கும். கதைசொல்லிகள் உண்டு, சட்டம் அறிந்தவர்கள் விதிகளை எடுத்துச் சொல்வார்கள். பெண்களுக்கெனத் தனி அவை உண்டு. அங்கே ஆண்கள் நுழையக் கூடாது, ஆண்களின் அவையில் பெண்கள் நுழையக் கூடாது. இந்தக் கூட்டத்தை ஒழுங்காக நடத்தினால் தானியமும் பாலும் குறையாது, அயல் நாட்டான் அதிகாரம் தலைமேல் ஏறாது. தவறினால் இளைஞர்களுக்கு நரை விழும், உடல் தளரும். இவ்வளவு விவரமாகப் பாடப்பட்ட இடம் எது என்பதில் மட்டும் அறிஞர்களுக்குள் இன்றும் உடன்பாடு இல்லை. முன்பு வெக்ஸ்ஃபோர்டு என்றார்கள். இப்போது பலர் கில்டேர் சமவெளியைக் காட்டுகிறார்கள்.

அந்த மண்ணுக்குப் பெயர் கொடுத்த கார்மன் யார்? ஏதென்ஸிலிருந்து மூன்று பிள்ளைகளோடு கடல் கடந்து வந்தவள். டியன், டுப், டொத்துர் என்ற அந்த மூவரும் கொள்ளையடித்தார்கள். அவள் மந்திரத்தால் பயிரைக் கருக்கினாள். அயர்லாந்தின் கவிஞனும் மந்திரவாதியும் சேர்ந்து பிள்ளைகளை விரட்டினார்கள். அவர்கள் திரும்பி வராமலிருக்கத் தாயைப் பிணைக்கைதியாகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். துக்கத்தில் அவள் செத்தாள். அவளும் அதையே கேட்டாள்: என் குழிமேல் கூட்டம் கூட்டுங்கள். பகைவர் அவள் கேட்டதைக் கொடுத்தார்கள். தங்கள் பயிரை அழித்தவள் என்று தாங்களே சொல்லும் ஒருத்தியின் பெயரால், தங்கள் தானியம் விளைவதற்காகக் கூடினார்கள். சிறைப்பட்ட தாய்க்குத் தாங்கள் கடன்பட்டிருக்கிறோம் என்ற உணர்வு அவர்களை விடவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

வடக்கே அல்ஸ்டரில் மாக்காவின் கதை இன்னும் கடுமையானது. அவள் கணவன் க்ருன்னுக் அரசனின் கூட்டத்துக்குப் போகிறான். அங்கே என்னைப் பற்றி வாய் திறக்காதே என்று சொல்லி அனுப்புகிறாள். அரசனின் குதிரைகள் ஓடி ஜெயிக்க, புலவர்கள் புகழ, இவனுக்கு வாய் நிற்கவில்லை: என் மனைவி இதைவிட வேகமாக ஓடுவாள். அவனைக் கட்டிவைத்துவிட்டு அவளை இழுத்துவர ஆள் அனுப்பினார்கள். அவள் நிறைமாதக் கர்ப்பிணி. வலி கண்டுவிட்டது, பெறும்வரை பொறுங்கள் என்று கெஞ்சினாள். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: உங்கள் ஒவ்வொருவரையும் ஒரு தாய் பெற்றிருக்கிறாளே! அரசன் இரங்கவில்லை. குதிரைகளோடு ஓடினாள், முந்தினாள், முடிவுக்கோட்டில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றாள். அந்தக் குரலைக் கேட்ட ஆண்கள் அத்தனை பேருக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் ஒன்பது தலைமுறைக்கு, ஆபத்து வரும் வேளையில் பேறுகாலப் பெண்ணின் பலவீனம் வந்து படுக்கும் என்று சபித்தாள். அல்ஸ்டர் வீரர்கள் எழ முடியாமல் கிடக்க, கூ குலன் என்ற இளைஞன் தனியாக எல்லையைக் காக்கும் பெருங்காவியத்துக்கு வேர் இந்தச் சாபம்தான்.

மற்ற கதைகளில் அவை ஒரு பெண்ணின் சாவுக்குப் பின் கூடுகிறது. மாக்கா கதையில் அவையே குற்றம் செய்கிறது. நீதி வழங்க வேண்டிய இடத்தில், புலவர் முன்பாக, அரசன் முன்பாக, ஒரு பெண் கெஞ்சி நிற்க ஒருவர்கூட எழுந்து பேசவில்லை. சாபம் கணவனுக்கு மட்டுமோ அரசனுக்கு மட்டுமோ போகாமல், கேட்டுக்கொண்டு நின்ற அத்தனை பேர் மேலும் விழுந்தது நியாயம் என்றே நினைக்கிறேன். கூட்டம் என்பது சாட்சியம் என்று நம்பிய சமூகம் அது. சாட்சி வாய்மூடி நின்றால் சாட்சியும் குற்றவாளி.

குளிர்காலத் தொடக்க விழாவான சம்ஹெயினில் நெருப்பு மூட்டிய ட்லாக்ட்காவின் குன்றுக்கும் இப்படியொரு கதை உண்டு. மந்திரவாதி மகளான அவள் வன்புணர்வுக்கு ஆளாகி, மூன்று பிள்ளைகளை ஒரே பேற்றில் பெற்று அங்கேயே இறக்கிறாள். அதற்கு மேல் விவரிக்க எனக்கு மனம் இல்லை.

இந்தப் பெண்கள் எல்லோரும் நிலத்தின் தேவதைகள், அரசன் மண்ணை மணக்கும் பழைய சடங்கின் எச்சங்கள் என்று விளக்குவது வழக்கம். டாரா குன்றில் அரசன் பதவியேற்கும் விருந்து அத்தகைய திருமணமாகவே கருதப்பட்டது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. விளக்கம் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் தேவதை என்று சொன்ன மாத்திரத்தில் கோடரி மறைந்துபோகிறது. பிணைக்கைதியின் சங்கிலியும் பனிக்குடம் உடைந்த வயிறும் மறைந்துபோகின்றன. கதைகளோ ஒவ்வொருத்திக்கும் நேர்ந்ததற்குத் திட்டமான காரணம் சொல்கின்றன: ஒருத்தி உழைத்துச் செத்தாள், ஒருத்தி சிறையில் செத்தாள், ஒருத்தியைப் பேறுகாலத்தில் ஓட வைத்தார்கள், ஒருத்தியைச் சிதைத்தார்கள். இவற்றை எழுதி வைத்த துறவிகளுக்கு அந்தக் காரணங்களை மறைக்க எல்லா வசதியும் இருந்தது, அவர்கள் மறைக்கவில்லை.

புதைமேடு என்பது அந்த நாட்டில் சட்டப் பொருள். ஒருவன் தனக்கு உரிமையுள்ள நிலம் பிறர் கையில் இருக்கிறதென்று வழக்காட வேண்டுமானால், இரண்டு குதிரைகளைப் பிடித்துக்கொண்டு, சாட்சியோடு, அந்த நிலத்தின் எல்லையிலுள்ள முன்னோர் மேட்டைக் கடந்து உள்ளே போக வேண்டும். பதில் வராவிட்டால் சில நாள் கழித்து நான்கு குதிரைகள், பிறகு எட்டு. கீழே கிடப்பவர்கள் வருகிறவனை அறிவார்கள், அந்நியனைத் தாண்ட விடமாட்டார்கள் என்பது நம்பிக்கை. இதே வழக்கைப் பெண்ணும் தொடுக்கலாம். அவள் குதிரைக்குப் பதிலாகப் பெண் ஆடுகளை ஓட்டி வருவாள். மாவு பிசையும் தொட்டியும் சல்லடையும் கொண்டுவருவாள். அவளுக்குப் பெண்களே சாட்சி. ஆணின் வழக்கைவிடக் குறைந்த நாள்களில் அவள் வழக்கு முடியும். சமையல் பாத்திரத்தோடு மூதாதையர் மேட்டைக் கடந்து நிலம் கேட்டு நடந்துவரும் அந்தப் பெண்ணை அயர்லாந்துச் சட்ட நூல்களிலேயே எனக்கு மிகப் பிடித்த மனுஷி என்று சொல்வேன்.

மண்ணைத் தோண்டியவர்கள் கண்டதும் இங்கே பொருந்துகிறது. மாக்காவின் பெயர் தாங்கிய எமின் மாக்கா இன்றைய ஆர்மா நகருக்கு அருகே இருக்கிறது. 1961 முதல் 1971 வரை டட்லி வாட்டர்மேன் அங்கே அகழாய்வு நடத்தினார். 40 மீட்டர் குறுக்களவுள்ள வட்ட மரக்கட்டடம் ஒன்றின் தடயம் கிடைத்தது. அதன் நடுவே நின்ற பெரிய ஓக் தூணின் வளையங்களை எண்ணி அது வெட்டப்பட்ட காலத்தைக் கி.மு. 95 என்று துல்லியமாகக் கண்டார்கள். அந்தக் கட்டடத்தில் யாரும் குடியிருக்கவில்லை. கட்டி முடித்த கொஞ்ச காலத்திலேயே உள்ளே சுண்ணாம்புக் கற்களை நிரப்பினார்கள், வெளிச்சுவருக்குத் தீ வைத்தார்கள், மேலே புல்மண் கொட்டி மேடாக்கினார்கள். அதற்கு முந்தைய காலத்து அடுக்கு ஒன்றில் வட ஆப்பிரிக்கக் குரங்கின் மண்டையோடு கிடந்தது. இறந்தவர் யாருமில்லாத இடத்திலும் அவை கூடுவதற்கு முன் ஒரு புதைமேடு தேவைப்பட்டிருக்கிறது. இல்லாதபோது வீட்டையே கொன்று புதைத்து ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

கதைகளை யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். டால்டியுவின் பாட்டைப் பாடியவர் கூவான் ஓ லொகான் என்ற பெரும்புலவர், 1024இல் கொல்லப்பட்டார். அவர் புகழ்ந்த அரசன் மேல் ஷெக்னல், 1002இல் பிரையன் போருவிடம் அயர்லாந்தின் தலைமையை இழந்தவன். 1007இல் அவன் டெல்டவுனில் பழைய கூட்டத்தைப் புதுப்பித்தான். அதிகாரம் போன அரசன், யாரும் பறிக்க முடியாத பழமையைத் தேடி அந்த மேட்டுக்குத் திரும்பியிருக்கிறான். கார்மனும் அப்படித்தான்: 1033இல் ஒஸ்ரி நாட்டு அரசன் லென்ஸ்டர் பட்டத்தைக் கைப்பற்றியதும் முதல் வேலையாகக் கார்மனில் கூட்டம் நடத்தினான்; பாட்டில் பந்தயத்தின் ஒரு நாள் ஒஸ்ரிக்காரர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருப்பதை இதோடு சேர்த்துத்தான் படிக்க முடிகிறது. செத்த பெண்ணின் விருப்பம் உயிரோடிருக்கும் அரசனுக்கு வசதியாக இருந்தது.

ஆனால் அந்த மேடு அரசனின் சொத்தாகவும் இல்லை. அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகளில் 811ஆம் ஆண்டுப் பதிவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஈ நேல் குலத்தார் டாலா மடத்தின் அடைக்கல உரிமையை மீறிவிட்டார்கள். மடத்தார் அந்த ஆண்டு டெல்டவுன் கூட்டத்தையே நடக்கவிடாமல் தடுத்தார்கள். அந்தக் குலத்து அரசன் ஐத் வந்து நின்றான். ஒரு குதிரை வரவில்லை, ஒரு தேர் வரவில்லை. பிறகு மடத்துக்குப் பல காணிக்கைகள் கொடுத்து அவன் சமாதானம் செய்துகொண்டான். படையும் குலமும் உள்ள அரசனை, மக்கள் வராமலிருந்தே வழிக்குக் கொண்டுவந்தார்கள். 873இல் கூட்டம் நின்றுபோனபோது, தக்க காரணம் எதுவும் இல்லாமலே நின்றது, பழங்காலம் முதல் இப்படிக் கேட்டதில்லை என்று குறிப்பெழுதிய துறவி வேதனைப்படுகிறார். 811 அவருக்கு மறந்துவிட்டது போலும். அல்லது அன்று தக்க காரணம் இருந்தது என்று அவர் கருதியிருக்கலாம்.

கடைசிப் பெருங்கூட்டம் 1168இல் ரோரி ஓ கானர் தலைமையில் நடந்தது. குதிரைகளும் சவாரிக்காரர்களும் ஒரு குன்றிலிருந்து மறு குன்றுவரை பரந்து நின்றார்கள் என்று குறிப்பு சொல்கிறது. அடுத்த ஆண்டு நார்மன் படைகள் கரையிறங்கின. 1836இல் நில அளவைப் பணிக்காக அங்கே வந்த ஜான் ஓ டோனவன் உள்ளூர் மக்களிடம் கேட்டு எழுதிய வழக்கம் ஒன்று: டெல்டவுனில் கைகோத்து மணந்தவர்கள், ஓராண்டும் ஒரு நாளும் கழித்துப் பிடிக்காவிட்டால், ராத் தூ மேட்டின் நடுவே முதுகோடு முதுகு ஒட்டி நின்று, ஒருவர் வடக்கேயும் ஒருவர் தெற்கேயும் நடந்து போய்விடலாம். டால்டியுவின் மேட்டில் ஒரு பெண் விலகி நடந்துபோக வழி இருந்தது என்று மக்கள் நினைவு வைத்திருந்தார்கள்.

கதையின் அவைகளைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, உண்மையில் கூடிய ஒரு அவையைச் சொல்லாமல் விடக் கூடாது. 697இல் அயர்லாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் பிர் என்ற ஊரில், வடக்கு அரசர்களுக்கும் தெற்கு அரசர்களுக்கும் பொதுவான எல்லையில், அயோனா மடத்தின் தலைவர் அடோம்னான் ஒரு மாநாட்டைக் கூட்டினார். பெண்கள், குழந்தைகள், துறவிகள் ஆகியோரைப் போரில் கொல்லக் கூடாது என்று அங்கே சட்டம் அறிவிக்கப்பட்டது. ஆயர்களும் மன்னர்களுமாக 91 பேர் பிணை நின்றார்கள்; டாராவின் அரசன் லோய்ங்ஷெக் முதல் ஸ்காட்லாந்தின் பிக்ட் அரசன் புருடே வரை பெயர்கள் இருக்கின்றன. பெண்ணைக் கொன்றவனுக்கு வலக் கையும் இடக் காலும் துண்டித்து மரண தண்டனை. அதன் மேல் அவன் உறவினர் ஏழு குமல் தண்டம் கட்ட வேண்டும். நாணயம் இல்லாத அந்த நாட்டில் பெருந்தொகைகளை அடிமைப் பெண் என்ற அலகில் கணக்கிட்டார்கள், அதுதான் குமல். கொலையுண்ட பெண்ணுக்கு ஏழு அடிமைப் பெண்கள் விலை. இதைப் படிக்கும்போது வரும் கசப்பை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் மாக்கா கெஞ்சியபோது எழுந்து பேச ஒருவர் இல்லாத நாட்டில், 91 பேர் எழுந்து பெயர் கொடுத்தார்கள் என்பதும் நடந்ததுதான். அடோம்னான் இறந்த பின் 727இல் அவருடைய எலும்புகளை அயர்லாந்துக்குக் கொண்டுவந்து அந்தச் சட்டத்தைப் புதுப்பித்தார்கள்.

சுமார் முந்நூறு ஆண்டு கழித்து, கூவான் தன் பாட்டைப் பாடிய அதே காலத்தில், அந்தச் சட்ட நூலுக்கு முன்னால் யாரோ ஒரு கதையைச் சேர்த்தார்கள். பெண்களிடம் காணிக்கை வசூலிக்க அயோனா மரபினருக்கு அது உதவியது என்பது தெரிந்ததே. அப்படியும் அது அசாதாரணமான கதை. அடோம்னான் தன் தாய் ரோனத்தை முதுகில் சுமந்து போர்க்களம் வழியே நடக்கிறார். கொல்லப்பட்ட ஒருத்தியின் தலை ஓரிடத்தில், உடல் ஓரிடத்தில், மார்பில் குழந்தை. குழந்தையின் ஒரு கன்னத்தில் பால், மறு கன்னத்தில் ரத்தம். பெண்களுக்கு விடுதலை வாங்கித் தா, அதுவரை உனக்குச் சோறு இல்லை, தூக்கம் இல்லை என்கிறாள் தாய். டால்டியுவும் கார்மனும் செத்துக் கேட்டதை இவள் உயிரோடு நின்று, பெற்ற மகனிடம் அதட்டிக் கேட்கிறாள். சங்கிலியால் கட்டுகிறாள். அது போதவில்லை என்று கல்பெட்டிக்குள் அடைத்து மண்ணில் புதைக்கிறாள். தேவதூதன் இறங்கி வந்து எழுந்து வா என்கிறான். பெண்களுக்கான சட்டம் தராமல் வெளியே வரமாட்டேன் என்று உள்ளிருந்து பதில் சொல்கிறார் அடோம்னான்.